எஞ்சின் பக்கத்து லேடீஸ் சீட்டு

போன வாரம் பள்ளி வேன் டிரைவர் என் மகளைக் கேளம்பாக்கம் சந்திப்பில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பத்து வயதுப் பெண். வேனில் வாந்தி எடுத்ததுதான் அவள் செய்த குற்றம். பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உரசிக்கொண்டு போகிற அந்த முக்கில், மருந்துக் கடை வாசலில் நனைந்த சீருடையோடு நின்றிருந்தாள். போனில் பிடித்துக் கேட்டால், "டெய்லி நான் கழுவிகினு இருக்க முடியுமா மேடம்? வேற வண்டி பாத்துக்கங்க" என்கிறான். தோசைக்கல்லில்கூட அவன் முகம்தான் தெரிகிறது. கரண்டியால் நன்றாகவே அழுத்துகிறேன்.

அன்று அவளைக் குளிப்பாட்டும்போது வந்த வாடை, புளித்த பாலும் எலுமிச்சையும் கலந்தது, என்னை நேரே பழைய செய்யூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

எண்பதுகளின் பஸ்ஸில் நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் உருட்டி இறக்குகிற தார்ப்பாய்தான். டிரைவருக்குப் பக்கத்தில் கொதிக்கிற எஞ்சின் மூடி. அதை ஒட்டிப் பக்கவாட்டில் போட்ட நீள சீட்டு பெண்களுக்கு. முகத்தில் டீசல் சூடு அடிக்கும். வண்டி ஒரு பக்கம் போக, நாங்கள் வேறு பக்கம் பார்த்துக் குலுங்குவோம். நேராகப் பார்த்து உட்காருகிற ஜன்னலோரமெல்லாம் ஆண்களுக்கு. என் அண்ணன் அப்பாவோடு அங்கே உட்கார்ந்து, நாங்கள் இருந்த செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரை வாயைப் பிளந்து தூங்குவான்.

அம்மாவும் நானும் வயிற்றில் செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொண்டு ஏறுவோம். அது வாந்தியைத் தடுக்குமாம். ஊரே நம்பியது. வகுப்பில் முதலாவதாக வருகிற நானும் நம்பினேன். உலகச் செய்தி முழுவதும் என் தொப்புளைச் சுற்றி மையாக ஒட்டியிருக்கும். வாந்தி மட்டும் தவறாமல் வரும்.

பஸ் பயத்தில் அம்மா செய்யூரில் இருந்த பிறந்த வீட்டுக்கே போகமாட்டாள். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அதற்கு வேறு காரணம் வைத்திருந்தாள். "டவுன் வாழ்வு வந்துடுச்சில்ல, அண்ணிக்குப் பொறந்த வூடு கசக்குது." அப்பா மட்டும் என்ன, "எல்லாம் மனசு. என் புள்ள எடுக்கறானா?" என்பார்.

ஒரு நாள் ஆள் வந்தது. செய்யூர் தாத்தா இறந்துவிட்டார், பொழுது சாயுமுன் எடுத்துவிடுவார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"பின்னாடி ஜன்னலாண்ட குந்திக்கறேண்ணா" என்று கண்டக்டரிடம் கெஞ்சினாள்.

"பொம்பளைங்கல்லாம் முன்னாடிதான். ஒனக்குன்னு தனியா சீட்டு அடிப்பாங்களா?"

முதலில் வாந்தி எடுத்தது நான். அடுத்து அம்மா. அது டிரைவர் சட்டையில் பட்டது. அவன் பஸ்ஸை நிறுத்தித் திரும்பினான்.

"எறங்கும்மா. இன்னா நெனச்சிகினு கீற, இது வண்டியா இன்னா?"

"எங்கப்பா மொகத்த பாக்கணும்ண்ணா. எடுத்துடுவாங்க. செய்யூரு வரிக்கும் வுடுங்க."

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆத்தாளுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணா மசக்கையா, அண்ணாத்த?" பஸ்ஸே சிரித்தது. எங்களைச் சவுக்குத் தோப்போரம் தள்ளிவிட்டுப் புறப்பட்டார்கள்.

நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது தெருவில் உதிரிப் பூ மட்டும் கிடந்தது. வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பன் சாவுக்கே ஆடி அசைஞ்சி போனவதானே" என்று அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா மறுத்ததே இல்லை.

நேற்று மகளைப் பார்த்த டாக்டர் விளக்கினார். காதுக்குள் அசைவை உணருகிற பகுதி ஒன்று இருக்கிறதாம். அது உடம்பு குலுங்குகிறது என்கிறது. வண்டிக்குள்ளேயே பார்க்கிற கண் எல்லாம் நிற்கிறது என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததில் வயிறு புரட்டுகிறது. சிலருக்கு இந்தக் குழப்பம் சட்டென்று வந்துவிடும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம். பல குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். "வேன்ல பக்கவாட்டுப் பலகைல உக்கார வெக்காதீங்க. நேரா வெளிய பாக்கற மாதிரி முன் சீட்டு. உங்க வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்தத் தார்ப்பாய் பஸ் இன்று இல்லை. தோப்பு இருந்த இடத்தில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அம்மா இல்லை, அத்தையும் அப்பாவும் இல்லை. அம்மாவுடையது திமிர் இல்லை, காது என்று சொல்ல எனக்கு இப்போதுதான் வார்த்தை கிடைத்திருக்கிறது. கேட்டுத் தலைகுனிய வேண்டியவர்கள் ஒருவர்கூட மிச்சமில்லை.

அந்த வேன் டிரைவர் மட்டும் இருக்கிறான்.