அந்தப் பக்கம் சணல் போதும்

நான் தைத்த தையல் இதுவரை பிரிந்ததில்லை. ஊர் முழுக்க இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான். என் தம்பி இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடப்பதற்கு அந்தத் தையலும் ஒரு காரணம் என்பதை மட்டும் ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

சிறுவாச்சூருக்குச் சற்றுத் தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்துத் தகரக் கொட்டகையில் தார்ப்பாய் தைப்பது எங்கள் தொழில். வீட்டுக்காரர் அளந்து வெட்டுவார், ஓரங்களில் கயிறு கோக்க இரும்புக் கண் அடிப்பார். மெஷின் என்னுடையது. லாரிக்குத் தார்ப்பாய், வயலில் குவித்து வைக்கும் வெங்காயப் பட்டறையை மூட ஒன்று, மக்காச்சோளம் காயப்போட ஒன்று என்று எது கேட்டாலும் தைப்போம். திங்களும் வெள்ளியும் கோவிலுக்கு வருகிறவர்கள் எங்கள் கொட்டகை நிழலில் காரை விட்டுப் போவார்கள், திரும்பி வந்ததும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். என் வாய்க்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. தையலுக்கும் உண்டு.

தம்பி என்னைவிடப் பத்து வயது இளையவன். லாரி ஓட்டினான். மீன்சுருட்டியில் பெண்ணைக் கட்டி, அங்கேயே வீட்டையும் கட்டிக்கொண்டான். அரியலூர்ப் பக்கத்து ஆலைகளில் சிமெண்ட் ஏற்றுவான். ஏற்றுவதற்கு முன் காத்துக் கிடக்க வேண்டும். சில சமயம் ஒரு பகல், சில சமயம் இரண்டு நாள். ஆலைக்கு வெளியே ஒரு பொட்டல். லாரிகள் வரிசையாக நிற்கும். மரம் என்று பார்த்தால் சீமைக்கருவேலம்தான், அதன் அடியில் முள்ளுக்குப் பயந்து நாய்கூடப் படுக்காது. கேபினுக்குள் வெயில் அடுப்பாகக் காயும். கீழே படுத்தால் சிமெண்ட் தூசி, எறும்பு, போதாததற்குத் தேள்.

தூங்காத டிரைவர் என்றால் எனக்குக் குலை நடுங்கும். எங்கள் கொட்டகைக்கு எதிரிலேயே, கண் அசந்த ஒரு டிரைவர் பட்டப்பகலில் நடுச்சுவரில் வண்டியை ஏற்றினார். அவரை வெளியே எடுத்து, நான் தைத்துக்கொண்டிருந்த விரிப்பால்தான் மூடினார்கள். அதனால் தம்பி எப்போது வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பது அல்ல. தூங்கினாயா என்பதுதான்.

ஒருநாள் முழங்கை இரண்டும் தோல் உரிந்து வந்து நின்றான்.

"என்னடா இது?"

"தூளி கட்டிப் படுத்திருந்தேன்க்கா. அறுந்து வுழுந்துட்டேன்."

பழைய சேலை ஒன்றை, தன் லாரிக்கும் பக்கத்து லாரிக்கும் நடுவில் குறுக்கே கட்டிப் படுப்பானாம். இரண்டு வண்டிகளின் நிழலும் விழும் இடம். எல்லா டிரைவர்களும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

"என்ன கயிறு?"

"நம்ம வண்டிப் பக்கம் நைலான் கயிறு. அந்தப் பக்கம் சணலு."

"சணல்ல ஆளு படுப்பாங்களாடா? அதுக்கும் ஒரு நல்ல கயிறு எடுத்துக் கட்ட வேண்டியதுதான?"

"அந்தப் பக்கம் சணல் போதும்க்கா."

நான் சிரித்தேன். கயிறு வாங்கக்கூடக் கை வராத கஞ்சப்பயல் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டு நின்றான். அப்புறம் போனில் ஒரு வீடியோ காட்டினான். எங்கோ குளிர் தேசத்துக் காடு. வெள்ளைக்காரர் ஒருவர் சின்னப் பை ஒன்றிலிருந்து துணியை உருவி எடுத்து, இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டி, மேலே கூரை மாதிரி ஒரு படுதாவையும் இழுத்துக் கட்டிவிட்டு, அதில் படுத்துக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி ஒண்ணு தைச்சுத் தரியாக்கா? எடையே இருக்கக் கூடாது. சீட்டுக்குப் பின்னாடி சொருகிக்கிற மாதிரி."

"சின்ன வயசுல உன்னத் தூளியில போட்டு ஆட்டுனதே நான்தான். இப்பவும் என் தலையிலதானா?" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். அந்த வீடியோவை நாலைந்து தடவை பார்த்தேன். முடிச்சை நிறுத்திப் பார்த்தேன், துணியின் மடிப்பை நிறுத்திப் பார்த்தேன். அவர் கட்டியிருந்தது மரத்தில், மரம் எங்கும் போகாது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

துணி சீக்கிரம் முடிவாகிவிட்டது. மழைக்கோட்டுத் துணி வேர்க்கும், கொசுவலை கிழியும். பெரம்பலூர் டவுனில் தேடி, குடைக்குப் போடும் துணி வாங்கி வந்தேன். மடித்தால் இரண்டு கைக்குள் அடங்கியது. இரண்டு ஓரத்தையும் மடித்து மூன்று வரிசைத் தையல் போட்டேன்.

கயிறுதான் படுத்தி எடுத்தது. தேங்காய்நார்க் கயிறு உடம்பில் பட்டால் அறுக்கும். பிளாஸ்டிக் கயிறு ஒரு வெயில் காலத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். நைலான் கயிறு நனைந்தால் நீளும், காலையில் இடுப்புயரத்தில் படுத்தவன் சாயங்காலம் தரையைத் தொடுவான், முடிச்சும் வழுக்கும். பருத்திக் கயிறு கைக்கு இதம், ஆனால் நம்ப முடியாது. கடைசியில், லாரியில் லோடு அசையாமல் கட்டுவார்களே, அந்த பெல்ட்டை எடுத்தேன். இரண்டு விரல் அகலம், நெருக்கமாக நெய்தது. இழுத்தால் நீளாது, வெயிலுக்கும் இற்றுப் போகாது. இரண்டு முனைக்கும் அதையே வைத்து, துணியோடு சேர்த்து நெடுக்கும் குறுக்குமாகத் தைத்து, நுனியில் இரும்புக் கொக்கியும் கோத்தேன்.

கொட்டகையின் இரண்டு இரும்புத் தூணில் கட்டி மூன்று மூட்டை வெங்காயத்தை ஏற்றிப் பார்த்தோம். அசையவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு வீட்டுக்காரரை உட்காரச் சொன்னேன். அவரும் இன்னொரு மூட்டை மாதிரித்தான் உட்கார்ந்தார்.

மேலே போடும் படுதாவில் இன்னொரு தகராறு. நீலம் மெல்லிசு, காற்றில் படபடவென்று அடித்துத் தூங்க விடாது. கறுப்பு, வெயிலை அப்படியே உள்ளே இறக்கும். என்னிடம் சாம்பல் நிறத்தில் ஒரு மீதத் துண்டு கிடந்தது. கனமில்லை, அழுக்கும் தெரியாது. வீடியோவில் இருந்ததைவிட இரண்டு பக்கமும் முழங்கால் வரைக்கும் தொங்குகிற மாதிரி அகலமாக வெட்டச் சொன்னேன், தூசிக் காற்று உள்ளே வரக்கூடாது என்று.

தம்பி வந்து எல்லாவற்றையும் தடவிப் பார்த்தான். பெல்ட்டின் ஒரு முனையைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தான்.

"இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துட்டு, சும்மா ஒரு வளையம் வச்சுக் குடுக்கா. நான் சணல் போட்டுக்கிறேன்."

"ஏன், மறுபடியும் வுழுந்து எந்திரிக்கவா?"

"இல்லக்கா, அந்தப் பக்கம்..."

"யான இழுத்தாலும் அறாதுடா. கொண்டு போ."

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான், அது அவனுக்குத் தெரியும். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, மூன்று மணிநேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன் என்றான். அந்த வார்த்தையைக் கேட்டு நான் எவ்வளவு பூரித்தேன் என்று நினைத்தால் இப்போது என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

சித்திரை வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு அது நடந்தது. பக்கத்து லாரிக்காரரின் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் டீக்கடையிலிருந்து ஓடிவந்து, தூளி இல்லாத மறுபக்கமாகவே ஏறி வண்டியை எடுத்துவிட்டார். நான் தைத்த தூளி அறவில்லை. துணி இறுகி, உள்ளே படுத்திருந்தவனை மூட்டையாகச் சுருட்டிக்கொண்டது. அவனால் கையை வெளியே எடுக்கக்கூட முடியவில்லை. அவனுடைய லாரியின் மூலையில் கொண்டுபோய் மோதி, அதன் பிறகும் அறாமல், பக்கத்து லாரியில் மாட்டியிருந்த கொக்கி பெயர்ந்து வரும்வரை அவனை இழுத்திருக்கிறது. கத்தியது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. எதிரே நின்றவர்கள் கை காட்டித்தான் வண்டி நின்றது.

அரியலூரில் பார்த்துவிட்டு தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஆபரேஷன். உயிர் தங்குமா தங்காதா என்று நான்கு நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம், நானும் அவன் பெண்டாட்டியும்.

மூன்றாம் நாள் அந்த லாரிக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு பையை நீட்டினார். உள்ளே தூளியும் படுதாவும் இருந்தன. துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். மூன்று நாளாக அதற்குத்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

அவரே பேசினார். "தூசியும் படுதாவும் ஒரே கலரா இருந்துச்சுங்க. அவசரத்துல சுத்தி வந்து பாக்காம எடுத்தது என் தப்புதாங்க. ஆனா பாக்காம எடுத்தாக்கூட ஒண்ணும் ஆவாதுங்க. அடுத்தவன் வண்டிப் பக்கம் சணல்தான் கட்டுவோம். படுத்தாத் தாங்கும், வண்டி இழுத்தா அறுந்துரும். கீழ வுழுந்தவன் எந்திரிச்சு நாலு கெட்ட வார்த்த திட்டுவான், அதோட போச்சு. உங்க தம்பிக்கும் இது தெரியுமுங்க. எப்பவும் சணல்தான் கட்டும். இந்தத் தடவ ஏன் இப்பிடி ஒரு பெல்ட்டைப் போட்டுச்சுன்னுதான் எனக்கு வெளங்கல."

நான் திட்டவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். அவர் அழுதார். அவர் போன பிறகு தூளியைப் பிரித்து மடியில் வைத்துப் பார்த்தேன். துணியில் ஒரு கிழிசல்கூட இல்லை. மூன்று வரிசைத் தையலில் ஒரு நூல் நெகிழவில்லை. தம்பி முழங்கை உரிந்து வந்த அன்றைக்கு, அந்தச் சணல் தானாக அறுந்ததா, பக்கத்து வண்டி எடுத்ததால் அறுந்ததா என்று அப்போதுதான் யோசித்தேன்.

உயிர் தங்கியது. கால் இரண்டும் போய்விட்டன. இருக்கின்றன, ஆனால் அவனுடையவை இல்லை. மாதம் இரண்டு முறை அரியலூர் போய், ஜெயங்கொண்டம் போய், மீன்சுருட்டி போகிறேன். பஸ் ஜன்னலில் அந்தப் பொட்டல் வந்தால் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவன் என்னிடம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. படுக்கைப் புண்ணைப் பற்றிப் பேசுவான், வெயிலைப் பற்றிப் பேசுவான். யாராவது எப்படி ஆச்சு என்று கேட்டால், "நான்தான் கவனிக்காமப் படுத்துட்டேன்" என்பான். அதைக் கேட்கும்போது எனக்கு அவன்மேல் கோபமாக வரும். என்னைத் திட்டித் தொலையேன்டா என்று இருக்கும்.

போன மாதம், பயிற்சி கொடுக்க வருகிறவர், கட்டிலுக்கு மேலே எதையாவது தொங்கவிடச் சொன்னார். அதைப் பிடித்து இழுத்துத் தானாகவே எழுந்து உட்காரப் பழகினால் புண் ஆறும், இல்லாவிட்டால் புண்ணே ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். நான் டவுனில் புதுப் பருத்திக் கயிறு வாங்கி, கைக்கு இதமாக உறை தைத்துக் கொண்டு போனேன். ஸ்டூலில் ஏறி மேலே இருந்த இரும்புக் குழாயில் கட்டப் போகும்போது அவன் பார்த்தான்.

"இது எதுக்குக்கா? அந்த பெல்ட்டு இருக்குதுல்ல?"

எனக்குக் கை நின்றுவிட்டது. இருக்கிறது. தூளியிலிருந்து பிரித்து, என்னுடைய பையின் அடியிலேயே வைத்திருந்தேன். ஏன் சுமந்துகொண்டு அலைந்தேன் என்று எனக்கே தெரியாது.

"வேண்டாம்டா" என்றேன். அப்புறம், ஒரு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததையும் கேட்டேன். "அந்தப் பக்கம் சணல் ஏன் போதும்னு, அன்னைக்கே வெளக்கமாச் சொல்லக் கூடாதாடா?"

"நீ கேக்கலியேக்கா" என்றான்.

கோபமில்லாமல்தான் சொன்னான். தண்ணீர் கேட்கிற மாதிரித்தான் சொன்னான். பிறகு மேலே குழாயைப் பார்த்துக்கொண்டே, "அதையே கட்டு. அதுதான் அறாது" என்றான்.

கட்டினேன். அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்தான். நான் ஸ்டூலில் நின்றபடியே என் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பிரியவில்லை.