வடிவம்மா வீட்டு வயலின்

கலாராணி கண்டியில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். காலையில் போத்தல்களில் வரும் சிறுநீரையும் சளியையும் மலத்தையும் வாங்கிப் பெயர் ஒட்டி அடுக்கி வைப்பது அவள்தான். வர முடியாத நோயாளிகளின் வீட்டுக்குப் போய் இரத்தம் எடுத்து வருவதும் அவள்தான். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, சாதாரண தரப் பரீட்சை முடித்த கையோடு டவுனுக்கு வந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில நாள் சோறு இறங்கவில்லை. பிறகு பழகிப்போயிற்று. கையுறையைக் கழற்றிக் கை கழுவிவிட்டு, பக்கத்து அறையிலேயே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவாள்.

"உங்களுக்கு அருவருப்பே கெடையாதாக்கா?" என்று கூட வேலை செய்யும் நிரோஷினி கேட்பாள்.

"மனுசன் ஒடம்புல இருந்து வர்றதுதானே. அதுல என்னா இருக்கு."

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன வருடம் ஒரு வயலின் விஷயத்தில் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது.

அவளுடைய மகள் சர்மிளா ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். பாடசாலை வாத்தியக் குழுவில் வயலினுக்கு அவளை எடுத்திருந்தார்கள். பாடசாலையில் இருந்த வயலின்கள் கொஞ்சம். ஒன்றை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வாசித்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சங்கீதம் படிப்பிக்கும் அகீலா மிஸ் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வீட்டில பழகாம மேடைக்கு வர ஏலாது. வாங்கத்தான் வேணும்னு சொல்லல்ல. வாடகைக்காவது எடுத்துக் கொடுங்க. இந்த வயசுக்கு முக்கால் சைஸ் போதும்."

பேராதனை வீதியில் ஒரு கடையில் மாத வாடகைக்கு வயலின் கொடுத்தார்கள். முற்பணம் கட்ட வேண்டும். கலாராணியின் புருசன் ரவிகுமார் கடுகண்ணாவையில் ஒரு டயர் கடையில் வேலை. அவன் உடனே எடுத்துவிடலாம் என்றான். அடுத்த சம்பளம் வரட்டும் என்று கலாராணிதான் தள்ளிப்போட்டாள்.

அந்த இடைவெளியில்தான் வடிவம்மா நுழைந்தாள்.

வடிவம்மா குண்டசாலையில் பெரிய வீட்டில் தனியாக இருப்பவள். புருசன் கண்டியில் துணிக்கடை வைத்து நன்றாகச் சம்பாதித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். மகள் கனடாவில். வடிவம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்ததால் கலாராணி அடிக்கடி போய் இரத்தம் எடுப்பாள். ஒரு நாள் ஊசியைப் போட்டுக்கொண்டே பேச்சுவாக்கில் வயலின் கதையைச் சொன்னாள்.

"எதுக்கு வாடகைக்கு எடுத்துச் சல்லிய வீணாக்குற?" என்றாள் வடிவம்மா. "எங்க மக வாசிச்ச வயலின் அலுமாரியில சும்மா கெடக்கு. சின்ன வயசுல வாசிச்சது. ஒன் மகளுக்குச் சரியா இருக்கும். எடுத்துத் தாறேன்."

கலாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் வந்து சொன்னதும் சர்மிளா துள்ளிக் குதித்தாள். கடைப் பேச்சு அன்றோடு நின்றது.

அடுத்த தடவை போனபோது அலுமாரிச் சாவி காணாமல் போயிருந்தது. அதற்கடுத்த தடவை, மகளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றாள். பிறகு, அது நல்ல நாள் இல்லை. ஒவ்வொரு தடவையும் வயலினைப் பற்றிய பேச்சு முடிந்ததும் ஒரு வேலை தயாராக இருக்கும். "வரும்போது டவுன்ல இருந்து நல்ல கத்தரிக்கா வாங்கிட்டு வா புள்ள." "அந்த ஜன்னல் தெரையக் கொஞ்சம் கழட்டித் தா." "குளியலறைத் தண்ணி போக மாட்டேங்குது, என்னான்னு பாரேன்." கலாராணி பார்த்தாள். வடிகாலுக்குள் கையை விட்டு, சவர்க்காரம் பிடித்து உறைந்து கிடந்த முடிப் பந்தை இழுத்து வெளியே போட்டாள். வடிவம்மா கதவோரம் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வேலை முடிந்தால் தேத்தண்ணி கிடைக்கும். கைப்பிடி உடைந்த கோப்பை ஒன்று குசினி ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருக்கும். கலாராணிக்கு அதில்தான். ஒரு நாள் கேக் துண்டு ஒன்றும் கொடுத்தாள். கடித்த பிறகுதான் அடியில் பச்சையாய்ப் பூசணம் பிடித்திருந்தது தெரிந்தது. வடிவம்மா எதிரே கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கலாராணி விழுங்கினாள். "நல்லா இருக்கும்மா" என்றும் சொன்னாள்.

எல்லாவற்றிலும் மோசம் அந்தக் கால் நகம். சீனி வருத்தக்காரர்கள் குனிந்து வெட்டக் கூடாதாம், டொக்டர் சொன்னாராம். தடித்து மஞ்சளித்துச் சுருண்டிருந்த நகங்கள். கலாராணி தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் வைத்து வெட்டினாள். வெட்டும்போது ஒரு துணுக்கு தெறித்து அவள் உதட்டில் ஒட்டியது. வேலையில் இதைவிட எத்தனையோ பார்த்தவள். ஆனால் வேலையில் அவள் சிரிப்பதில்லை. இங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். வடிவம்மா வீட்டுக் கேட்டைத் திறந்ததும் வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு சிரிப்பு அது. பஸ் ஏறிய பிறகும் கன்னம் வலிக்கும்.

"அந்தம்மா தராது. ஒன்னய வச்சு வேல வாங்குது" என்றான் ரவிகுமார்.

"நீங்க வாங்கிக் குடுக்குற மாதிரி பேசாதீங்க."

"நாந்தான் அன்னைக்கே எடுப்போம்னு சொன்னேனே."

அவள் கோபத்தில் பாத்திரங்களை வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. சர்மிளா இடைவேளைகளில் சாப்பிடாமல் பாடசாலை வயலினுக்கு வரிசையில் நின்றாள்.

கடைசியில் ஒரு நாள் வடிவம்மாவே போன் எடுத்தாள். "ஞாயித்துக்கெழம புள்ளையக் கூட்டிக்கிட்டு வா."

சர்மிளா தீபாவளிக்கு எடுத்த கவுனைப் போட்டுக்கொண்டாள். வெள்ளைச் சப்பாத்தைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தாள். ஹோலில் மேசைமேல் வயலின் பெட்டி இருந்தது. வடிவம்மா திறந்தாள். கரப்பான் பூச்சி வாடை குப்பென்று வந்தது. பெட்டியின் உள்துணி முழுக்க அதன் எச்சம். வில்லின் முடியைப் பூச்சி அரித்து, பாதி அறுந்து தொங்கியது. வயலினில் இரண்டு கம்பிகள் இல்லை. சர்மிளா எதையும் பார்த்த மாதிரி தெரியவில்லை. வயலினை மெதுவாகத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தாள்.

"சரியான சைஸும்மா" என்றாள்.

"இரு புள்ள, ஒரு படம் எடுத்துக்குவோம்" என்று வடிவம்மா போனை எடுத்தாள். "கனடாவுல மக ஒரு சங்கத்துல இருக்கா. தோட்டத்துப் புள்ளைங்களுக்கு ஒதவி செய்யிற சங்கம். அதுல போடணும்." போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னா கலா, இப்படி ஜோடிச்சிக் கூட்டிட்டு வந்திருக்க. லயத்துப் புள்ளன்னு சொன்னா யாரு நம்புவா? பழைய கவுன் ஒன்னும் இல்லையா? சரி, அந்தச் சப்பாத்தையாவது கழட்டச் சொல்லு. தலையையும் கொஞ்சம் கலைச்சு விடு."

சர்மிளா டவுனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து அறையில் ஒரு இரவு தங்கியதில்லை. தங்கியிருந்தாலும்தான் என்ன.

கலாராணி வாயைத் திறப்பதற்குள் சர்மிளா வயலினை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தாள். சப்பாத்து நாடாவை அவிழ்த்தபடி நிமிர்ந்து வடிவம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். கலாராணி அந்தச் சிரிப்பை அடையாளம் கண்டாள். அவளுடையதேதான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளையின் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது.

"சப்பாத்தப் போடு" என்றாள் கலாராணி. "போவோம்."

"என்னா கலா. ஒரு படந்தானே."

"வேணாங்கம்மா."

"இத்தன நாளா வயலின் வயலின்னு வந்து நின்ன?"

"ஆமாங்க, நின்னேன். அத நெனச்சாத்தான் கொமட்டுது."

வடிவம்மாவின் குரல் மாறியது. "எவ்வளவு செஞ்சிருப்பேன் ஒனக்கு. தேத்தண்ணி, கேக்குன்னு வீட்டு மனுசி மாதிரி பாத்தேன். ஒங்க ஆளுங்களுக்கு நன்றி கெடையாது."

கலாராணி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து வாய்க்காலில் குனிந்து வாந்தி எடுத்தாள். மசக்கைக் காலத்துக்குப் பிறகு அவள் வாந்தி எடுத்தது அன்றுதான். சர்மிளா அவள் முதுகைத் தடவிக் கொடுக்கவில்லை. தள்ளி நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வில்லுக்கு முடி மாத்தி, ரெண்டு கம்பி போட்டா சரியா இருந்திருக்கும்" என்றாள். "ஒரு படத்துக்கு நின்னா என்னா?"

அதற்குப் பிறகு பல நாள் அவள் தாயிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

அதே வாரம் நிலையத்து முதலாளி நடராஜா கலாராணியை அறைக்குள் கூப்பிட்டார். வடிவம்மா போன் பண்ணியிருந்தாள். இரத்தம் எடுக்க வரும் பெண் வீட்டில் சாமான் கேட்டு நச்சரிப்பதாகச் சொல்லியிருந்தாள். கலாராணி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கத்தரிக்காய், வடிகால், நகம், சப்பாத்து.

நடராஜா நல்ல மனிதர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நகம் வெட்டுறது ஒன் வேல இல்லையே புள்ள. ஏன் வெட்டுன?" என்று மட்டும் கேட்டார். வடிவம்மா ஏசியதைவிட இந்தக் கேள்விதான் அவளை அதிகம் குடைந்தது. இனி அந்த வீட்டுக்கு வேறு யாராவது போகட்டும் என்று அவர் முடித்துக்கொண்டார்.

சம்பளம் வந்ததும் ரவிகுமாரும் அவளுமாய்ப் பேராதனை வீதிக் கடைக்குப் போய் வயலினை வாடகைக்கு எடுத்தார்கள். பெட்டியின் மூடியில் முன்பு வைத்திருந்த பிள்ளை நகப் பூச்சால் ஹுதைபா என்று எழுதி வைத்திருந்தான். நாடி வைக்கும் இடத்தில் யாருடையதோ வியர்வைப் பிசுக்கு. கலாராணிக்குப் பொறுக்கவில்லை. வேலையிடத்துப் பழக்கத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பஞ்சால் தேய்த்தாள். ஸ்பிரிட் வழிந்த இடத்தில் மரத்தின் பூச்சு வெளுத்து ஒரு திட்டு விழுந்தது. கடைக்காரன் பார்த்தால் முற்பணத்தில் பிடித்துக்கொள்வான் என்று அகீலா மிஸ் சொன்னார். திட்டைப் பார்த்து சர்மிளா முதலில் முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். தாயும் மகளும் பேச ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.

வருடக் கடைசிக் கச்சேரியில் சர்மிளா பின்வரிசையில் உட்கார்ந்து வாசித்தாள். எந்தச் சத்தம் அவளுடையது என்று கலாராணிக்குப் பிரித்துத் தெரியவில்லை. ரவிகுமார் தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான்.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து ஒரு மாலை சர்மிளா போனைக் கொண்டுவந்து நீட்டினாள். கனடாச் சங்கத்தின் பக்கத்தில் ஒரு படம். வடிவம்மா வீட்டு ஹோல், அந்த அலுமாரி. வெளிறிய கவுனில் வெறுங்காலுடன் ஒரு சின்னப் பெண் வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் தலைமேல் வடிவம்மாவின் கை. கீழே கும்பிடும் கைகளும் இதயங்களுமாகக் குவிந்திருந்தன.

"இது யாரும்மா?"

"தெரியல."

"ரெண்டு கம்பி இன்னும் போடல. இத வச்சு என்னா வாசிக்கும்?"

கலாராணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில், வெட்டுப்பட்டு, ஒரு பெண்ணின் தோளும் பாதி முகமும் தெரிந்தன. பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த வீட்டில் எதை எதைச் செய்தாளோ. அந்த அரைமுகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் கலாராணிக்கு அவள்மேல் அருவருப்பு வரவில்லை. இத்தனை நாளும் அந்த அருவருப்பில் பாதியை வடிவம்மாவுக்கும் பாதியைத் தனக்குமாகப் பிரித்து வைத்திருந்தவள், முழுவதையும் எடுத்து அந்தத் தலைமேல் இருந்த கையின் மீது வைத்தாள்.

"அத மூடு, பாக்கச் சகிக்கல" என்றாள். "போய் வாசி. நாளைக்கு மிஸ் கேப்பாங்க."