ஊறப்போட்ட படகு

"ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

சலவைக்கடை அத்தை இதைச் சொல்லாத நாள் கிடையாது. கறை பட்ட சட்டையைத் தானே தேய்த்து, காசளவு கறையைத் தட்டளவு ஆக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் சொல்வாள். கம்பளியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கிவிட்டு, "சுருங்கிடுச்சு, கொஞ்சம் இழுத்துக் குடுங்களேன்" என்கிறவர்களிடம் சொல்வாள். கடையில் ஆள் இல்லையென்றால் இஸ்திரிப்பெட்டியிடம் சொல்வாள்.

அவள் மகளைக் கட்டி மூன்று மாதமே ஆகியிருந்த மாப்பிள்ளைக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே உள்ளுக்குள் உதறும். கணக்கு ஆபீஸில் வேலை. வாயைத் திறந்து ஒன்று கேட்பதற்குள் அவனுக்கு வேர்த்துவிடும். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டால் கூட, "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போய், வெயிலில் நடந்து திரும்புகிறவன்.

அத்தைக்கு ஆறு நாள் நீராவி, ஏழாவது நாள் ஏரி. பழைய மரப்படகு வைத்திருக்கிற சிலர் ஞாயிறுதோறும் அங்கே கூடிப் படகுப் பாய் விரிப்பார்கள். கணவர் போனபிறகு கடையும் படகும் ஒன்றாகவே அவள் கைக்கு வந்தன. "ரெண்டையும் வித்துட்டு நிம்மதியா இரு" என்று புத்தி சொன்ன சொந்தக்காரர்களிடம், "எனக்கு நிம்மதி வந்துட்டா நீங்க எதுக்கு இங்க வருவீங்க?" என்றாளாம். கடையில் துவைக்கப் போட்டுவிட்டு யாரும் திரும்ப வாங்காத படுக்கை விரிப்புகளை ஒட்டுப்போட்டுத்தான் அவள் பாய் தைத்திருந்தாள். ஒருமுறை கரையில் நின்ற ஆள் ஒருவர், "அந்தப் பூப்போட்டது எங்க வீட்டு விரிப்பு!" என்று கத்த, "ரசீத எடுத்துக்கிட்டு நீந்தி வாங்க, கழட்டித் தரேன்" என்று நடு ஏரியிலிருந்தே பதில் கொடுத்தாள்.

அந்த வாரம் புதன்கிழமை, ஆபீஸ் வேலையாக ஏரிப் பக்கம் போன மாப்பிள்ளை, நாணலோரம் அத்தையின் படகைப் பார்த்தான். விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே தண்ணீர், அடியில் பாறாங்கற்கள். எந்தப் படுபாவியோ கல்லைப் போட்டு முக்கிவிட்டான் என்று நினைத்தான். ஃபோனை எடுத்தான். அத்தை கேட்டால் நொறுங்கிப் போவாளே என்று திரும்பப் பைக்குள் போட்டான். கல்லையெல்லாம் வெளியே எறிந்து, தண்ணீரை இறைத்து, மூச்சு வாங்கப் படகைக் கரையேற்றி வெயிலில் கவிழ்த்துப் போட்டான். சனிக்கிழமை வரை மண்டையைப் பிளக்கிற வெயில். ஞாயிறு காலை முதல் ஆளாக வந்து, படகை நிமிர்த்தித் தண்ணீரோரம் வைத்தான். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெருமையாகக்கூட இருந்தது.

"யாரு என் படகக் காலையிலேயே தயார் பண்ணி வச்சது? நல்லா இருக்கணும்!" என்றாள் அத்தை. நான்தான் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. சாப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். காற்று எழும்பியிருந்தது, மற்ற பாய்கள் தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. அத்தை அவசரத்தில் பலகையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைப் படகுக்காரர்களில் ஒருவரான பல் டாக்டர் வந்தார். நாணலுக்குள் இறங்கி, முங்கிக் கிடந்த தன் படகிலிருந்து கல்லை எடுத்து எறிய ஆரம்பித்தார்.

"டாக்டர், உங்க படகையும் முக்கிட்டாங்களா?"

"நான்தான் முக்கினேன். வாரம் பூரா ஊறினாத்தான் மரம் உப்பி, பலகை இடுக்கெல்லாம் அடைபடும். காஞ்ச படகத் தண்ணில விட்டா அது படகில்ல தம்பி, சல்லடை." நோயாளியிடம் பேசுகிற அதே இதமான குரல். நிமிர்ந்து பார்த்தார். "என்ன, கன்னத்துல கை வச்சுட்டீங்க? பல்லு வலியா?"

"கப்பல், டாக்டர்" என்றான் மாப்பிள்ளை.

நடு ஏரியில் பூப்போட்ட பாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. மகள் குவளையால் இறைத்துக்கொண்டிருந்தாள். அத்தை குனிந்து அடிப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டையத் தேடுறாங்க" என்றார் டாக்டர். குரலில் இதம் போய்விட்டிருந்தது. "தேடிக்கிட்டே இருந்தா அங்கேயே முங்கிடும். திருப்பிக் கரைக்கு ஓட்டணும்!" என்று தன் படகின் தண்ணீரை வெறிகொண்டு இறைக்கத் தொடங்கினார். அதில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

மாப்பிள்ளை கூப்பிட்டான். காற்றுதான் வந்தது. முழங்கால் வரை இறங்கிக் கூப்பிட்டான், அவனுக்கே கேட்கவில்லை. படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த இடைவெளி விரலளவு ஆகிக்கொண்டிருந்தது. இடுப்பு. மார்பு. கழுத்து. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"அத்தை! ஓட்டை இல்ல! தேடாதீங்க! நான்தான் வெயில்ல காயப்போட்டேன்! நான்தான்!"

ஏரியே கேட்டது. அத்தை விருட்டென்று நிமிர்ந்தாள். அடுத்த நொடி சுக்கானை ஒடித்துத் திருப்பினாள். படகு காற்றுக்கு முதுகைக் கொடுத்து, விளிம்பில் தண்ணீர் ததும்பத் ததும்ப, நாணலை நோக்கித் தள்ளாடி வந்தது. பாதி வழியில் படகே தெரியவில்லை. இரண்டு தலைகளும் ஒரு பாயும் மட்டும் நகர்ந்து வந்தன. கடைசியில் அடித்தட்டு சேற்றில் உரசி நின்றது. இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பெண்களும் இறங்கினார்கள்.

"ஏங்க, உங்களுக்கு நீச்சல் தெரியாதே, கழுத்தளவுல நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி, கையில் குவளையோடு. அப்போதுதான் அவன் கீழே பார்த்தான். அவள் வந்து சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

"அத்தை, நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்..." என்று ஆரம்பித்தான்.

அத்தை முந்தானையைப் பிழிந்துகொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முங்கிக் கிடந்தத மிதக்க விட்டீங்க, மிதந்தத முங்க விட்டீங்க, வரவும் செலவும் சரியாப் போச்சு, நல்ல கணக்குதான் மாப்பிள்ளை. ஆனா இம்மாம் பெரிய குரல உள்ள வச்சுக்கிட்டு, மூணு மாசமா என் வீட்டுல ஒரு சிட்டிகை உப்புகூடக் கேக்காம சாப்பிட்டு எந்திரிச்சீங்க பாருங்க, அதத்தான் என்னால மன்னிக்க முடியாது. வாங்க, வந்து கல்லத் தூக்கிப் போட்டு படக மறுபடி முக்குங்க. எந்தக் கல்லுன்னு மட்டும் கேட்டுட்டுத் தூக்குங்க!"