தேதி கேட்ட எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா இறந்த செய்தி வெள்ளிக்கிழமை காலையில், நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, அப்பாவின் செல்போனுக்கு வந்தது. சேர்ந்து ஆட்டம் பார்க்கப் போகும் நாம் ஆறு பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்கு நேர் மேலே, முந்தைய நாள் அவரே அனுப்பிய குரல்பதிவு இருந்தது. "இன்னா பாப்பா, லெட்டர் எழுதி முட்சியா?" மாரடைப்பு என்றார்கள். அப்பா அன்று ஆட்டோவை எடுக்கவில்லை.

அக்கா ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். மாநில அணியின் நான்கு நாள் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு, காலியான ஸ்டாண்டில் நம்மோடு உட்கார்ந்திருப்பவர். அப்பாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா. ஒருமுறை ரன்னே வராத ஓவர்களில் அப்பா தூங்கிவிட்டார்.

"இன்னா சேகரு, தூங்கினு கீற?"

"ரன்னே வர்லியேக்கா."

"அதான் ஆட்டம். அந்தப் பையன் வர வுட மாட்டேன்றான் பாரு."

அந்த நாட்களுக்கான விடுப்பை அவர் எப்படிப் பெற்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்காது. வார்டில் மற்றவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போக, அவர்களுடைய டூட்டியை இவர் பார்ப்பார். பதிலுக்கு ஆட்ட நாட்களில் அவர்கள் இவருடைய டூட்டியைப் பார்ப்பார்கள். போன வருடம் கிறிஸ்துமஸையும் கொடுத்துவிட்டார். அவருடைய அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். "கர்த்தர் வருசா வருசம் பொறக்குறாரு மம்மி, இந்த மேட்ச் ஒரு தபாதான்" என்று அம்மாவிடம் சொன்னதாக நம்மிடம் சொல்லிச் சிரித்தார்.

இந்த வருடம் சீசனை இரண்டாக வெட்டி, நடுவில் இருபது ஓவர் சின்ன ஆட்டங்களை வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. முடிவு இல்லை, யோசனைதான் என்றார்கள். எந்தத் தேதி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அக்காவோ வழக்கமான மாதங்களை நம்பி, ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் பிறருக்காக வேலை பார்த்து முடித்துவிட்டார். பதிலுக்கு வாங்கிய டிசம்பர் நாட்களில் இப்போது ஆட்டமே இருக்காது போலிருந்தது.

"வுடுக்கா, டிவில சின்ன மேட்ச் போடுவான், பாத்துக்கலாம்" என்றார் நம் பிரியாணிக் கடை பாய்.

"டிவி பாக்கவா பாய் நான் தீவாளிக்கு டூட்டி பாத்தேன்?"

அதற்கு மேல் அவர் கோபப்படவில்லை. களைத்துப்போயிருந்தார். ஆட்டங்களை நடத்தும் கிரிக்கெட் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நான் மூன்று பக்கம் எழுதினேன். மரபு, ரசிகர் உள்ளம் என்று எனக்குத் தெரிந்த நல்ல சொற்களையெல்லாம் போட்டிருந்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"கல்யாணப் பத்திரிகை மாரி கீதுடி. தேதிய முன்னாடியே சொல்லுங்கன்னு மட்டும் எழுது."

"அவங்க செய்றது தப்புன்னு சொல்ல வேணாமாக்கா?"

"தப்புன்னா தூக்கிப் போட்ருவான். தேதி கேட்டா எதுனா ஒரு பதில் சொல்லித்தான் ஆவணும். தேதிய சொல்ட்டும், மீதிய நாம பாத்துக்கலாம்."

எனக்கு மனம் வரவில்லை. அழகாகச் சுருக்கித் தருகிறேன் என்று ஒன்பது நாள் நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். அவர் கையெழுத்து இல்லாமலேயே அந்தக் கடிதம் போக வேண்டியதாயிற்று. அது என் தவறு. உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, அவரோடு வேலை பார்த்த இளம் செவிலியர் ஒருவர் அப்பாவிடம் வந்தார்.

"தீபாவளிக்கு நான் ஊருக்குப் போக, எனக்குப் பதிலா அக்காதான் இருந்தாங்க. டிசம்பர்ல நாலு நாள் அவங்க டூட்டிய நான் பாக்கணும். இனி யாருக்குப் பாக்குறதுண்ணே?"

நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தானும் கையெழுத்துப் போட அந்தச் செவிலியர் கைப்பையில் பேனா தேடினார். "எனக்கு கிரிக்கெட் தெரியாது. தேதி மாறினா என்ன ஆகும்னு நல்லாத் தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று பக்கங்களையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நாம் ஐந்து பேரும் அந்தச் செவிலியரும் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கடிதத்தில் இருக்கும் ஒரே வாக்கியத்தைத்தான்: "தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."