கதிரவெளிக் கல்லறைகளுக்கு நடுவே ஒரு கல்யாணப் பேச்சு

சரித்திரம் படிப்பிக்கிற நான் கதிரவெளியின் பழங்காலக் கல்லறைகளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போக முன்னர் வழியைப் பார்த்து வருவோம் என்று, ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் ஆசிரியர்கள் நாலைந்து பேர் புறப்படுவதாக இருந்தது. பஸ் நிலையத்துக்கு வந்தவர் மரவேலை ஆசிரியர் மட்டுமே. மட்டக்களப்பு டவுணில் பிறந்த, போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர். மனைவியை இழந்து தனியாக இருப்பவர். நாற்பது தாண்டியும் கல்யாணம் கட்டாத நான் அவரோடு தனியே போவதா என்று யோசித்தேன். அதற்குள் வாகரை வழியாகக் கதிரவெளிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

கதிரவெளிக்குச் சற்று முன்னரே இறங்கிக் கடற்கரையோடு நடந்தோம். ஓரிடத்தில் மழைத்தண்ணீர் மணலை அறுத்துக் கடலுக்கு ஓடியது. செருப்பைக் கழற்றி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். நடுவில் ஒரு அலை வந்து இருவரையும் இடுப்புவரை நனைத்தது. பள்ளிக்கூடத்தில் பல்லே காட்டாத மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

பற்றைக்காட்டுக்குள் கல்லறைகள் இருந்தன. தட்டைக் கற்களைப் பெட்டிபோல நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை ஏற்றியிருந்தார்கள். அவர் குனிந்து, கல்லும் கல்லும் சேரும் மூலைகளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நிழலில் உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த பாண் ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டைச்சம்பலையும் சாப்பிட்டோம்.

"டீச்சர், இனி உள்ள காலத்த ரெண்டு பேரும் ஒண்டா இருப்பமா?"

"சேர், கல்யாணம் பேச வேற இடம் கிடைக்கல்லையா?"

அவர் முகம் சிவந்தது. "பஸ்ஸுக்குள்ளயே கேக்கத்தான் இருந்தன். கொண்டக்டர் பக்கத்திலயே நிண்டான்."

சிரித்த சிரிப்பில் எனக்குச் சம்பல் புரையேறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம்" என்றேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை.

"ஓம் எண்டு சொல்றன்!" என்று கத்தினேன்.

திரும்பும் வழியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களையும் கயிறு பிடிக்கக் கூப்பிட்டார்கள். உள்ளங்கை எரிய எரிய இழுத்தோம். வலை கரையேறியதும் ஒருவர் ஒரு பாரை மீனை நீட்டினார்.

"கொண்டு போங்கக்கா. உங்கட வீட்டுக்காரரும் நல்லா இழுத்தார்."

நான் திருத்தவில்லை.

நாவற்குடாவில் அக்கா வீட்டில்தான் நான் இருந்தேன். உப்புப் பூத்த சேலையும் கையில் மீனுமாக வாசலில் நின்றே விசயத்தைச் சொன்னேன். அக்கா மீனை வாங்கவேயில்லை. என்னைத் தள்ளிவிட்டு, ரோட்டில் நின்றவரை எட்டிப் பார்த்தாள்.

"மனிசன ஏன் புள்ள வெயிலுக்க நிப்பாட்டி வெச்சிருக்க? உள்ளுக்கு வரச் சொல்லு!"