பின்னுக்கும் அதே வேகம்

நான் பள்ளிக்கூடம் போனது குறைவு. ஆனால் கண்டதை மறக்கிற ஆள் நானில்லை. ஆர் எந்தக் கலியாணத்துக்கு என்ன நிறச் சீலை உடுத்தவ, எந்த வீட்டு நாய் ஆரைக் கடிச்சது, எல்லாம் என்னட்டைக் கேக்கலாம். அதிலையும் எங்கடை மாமாவின்ரை கலியாணம் என்ரை கண்ணாலை நடந்த கலியாணம். நான் இல்லாட்டி அது நடந்திராது. இதை நான் கலியாண வீட்டிலையும் சொல்லியிருக்கிறன், செத்த வீட்டிலையும் சொல்லியிருக்கிறன். கடைசியா ஜெர்மனியிலை ஒரு கார் மியூசியத்திலை, மாமியைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு சொன்னன். அதுக்குப் பிறகு எங்கையும் சொல்லேல்லை. இப்பதான் திரும்பச் சொல்லுறன்.

அது ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருசம். மாமா கண்ணை மூடி, மாமி மகளோடை இருந்த காலம். ஆவணி மாசம் கேவலார் எண்ட ஊர் மாதா கோயிலுக்கு எங்கடை சனம் போறது உங்களுக்குத் தெரியும். ஜெர்மனியிலை இருக்கிற தமிழ் வேதக்காரர் முழுப்பேரும் அண்டைக்கு அங்கைதான். சைவக்காரரும் வருவினம், மாதா ஆள் பாக்கிறவ இல்லை. பூசை முடிஞ்சு, கார் விடுற இடத்திலை புட்டும் சம்பலும் சாப்பிட்டு, காணாத சனத்தையெல்லாம் கண்டு கதைச்சு, பின்னேரம் போலை மாமியை ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டன். பெரிய ரோட்டிலை ஒரே நெரிசல். நான் சின்ன ரோட்டாலை திருப்பினன். அது ஒல்லாந்து எல்லைக்குக் கிட்ட. சோளத் தோட்டங்களுக்கு நடுவிலை பழைய செங்கல் கட்டிடம் ஒண்டு. வாசல் பலகையிலை ஒரு சின்னக் கார் கீறிக் கிடந்தது. நான் பிரேக்கை அடிச்சன்.

"என்ன தம்பி, வழி மாறிப் போட்டியோ?" எண்டு மாமி கேட்டா.

"அந்தப் பலகையைப் பாருங்கோ மாமி."

மாமி கண்ணாடியைச் சீலைத் தலைப்பாலை துடைச்சுப் போட்டுப் பாத்தா. "உது எங்கடை தையல் மிசினெல்லோ!" எண்டா.

அது என்ன தையல் மிசின் எண்டு முதல் சொல்லவேணும். மாமா எண்டால் என்ரை அம்மாவின்ரை தம்பி. கலியாணத்துக்கு முந்திக் கொழும்பிலை ஒரு ஒல்லாந்துக்காரத் துரை வீட்டிலை குசினி வேலை செய்தவர். துரை நல்ல மனுசன், ஆனால் உறைப்பு வாயிலை வைக்கமாட்டார். மாமா அவருக்கெண்டு பாலும் உப்பும் விட்டு அவிச்ச கறியளைப் பற்றி ஒரு பகல் முழுக்கச் சொல்லலாம், அது வேறை கதை. அந்தத் துரை தன்ரை நாட்டுக் கார் ஒண்டைக் கப்பலிலை இறக்கி வைச்சிருந்தார். திரும்பிப் போகேக்கை விக்கப் பாத்தார். ஒருத்தரும் வாங்கேல்லை. ஏனெண்டால் அதிலை கியர் இல்லை, கிளச்சும் இல்லை. ஒரு சின்னத் தடி மட்டும். முன்னுக்குத் தள்ளினால் முன்னுக்குப் போகும், பின்னுக்கு இழுத்தால் பின்னுக்குப் போகும். கடைசியிலை அவர் அதை மாமாவிட்டையே குடுத்திட்டுக் கப்பல் ஏறினார்.

மாமா கார் பழகினது அதிலைதான். கியர் எண்டால் கறுப்போ சிவப்போ எண்டு அவருக்குத் தெரியாது. அதை ஊருக்குக் கொண்டு வந்தார். டக்கு டக்கு டக்கெண்டு ஒரு சத்தம், அதாலை சனம் தையல் மிசின் எண்டு பேர் வைச்சிது. எங்கடை ஊர்த் தையல்காரர், தன்னைத்தான் பகிடி பண்ணினம் எண்டு நினைச்சுக் கொஞ்ச நாள் எங்களோடை கதைக்காமல் திரிஞ்சவர்.

அந்தக் காரிலைதான் பொம்பிளை பாக்கப் போனம். மாமா ஓட, நான் பக்கத்திலை, அம்மா பின்னுக்குச் செபமாலையோடை. எனக்கு ஒரு எட்டு வயசு இருக்கும். பொம்பிளையின்ரை தேப்பன் லொறிக்காரர். சொந்த லொறி, ஓட்டமும் அவர்தான். மலைநாடு முழுக்க ஏறி இறங்கின மனுசன். அவரின்ரை வீடு ஒடுங்கின ஒழுங்கை ஒண்டின்ரை கடைசியிலை. ரெண்டு பக்கமும் வேலி, வீட்டு வாசலுக்குக் கயித்தாலை கட்டின படலை.

உள்ளுக்கை எல்லாம் நல்லாத்தான் நடந்தது. பிள்ளை தேத்தண்ணி கொண்டு வந்து குடுத்திட்டு நிமிந்தும் பாக்காமல் போட்டா. மாமா அவவின்ரை காலைத்தான் பாத்தார். நான் பலகாரத்தைப் பாத்தன். அரியதரம், கொஞ்சம் கடினம். பிறகு லொறிக்காரர், "தம்பியின்ரை காரை ஒருக்காப் பாப்பம்" எண்டு வீட்டு முன் முத்தத்துக்கு வந்தார். சுத்திச் சுத்திப் பாத்தார். கதவைத் திறந்து உள்ளுக்கை தலையை விட்டார்.

"கியர் எங்கை?"

"இதுக்குக் கியர் இல்லை ஐயா," எண்டார் மாமா.

"அப்ப நீர் கியர் போட்டு ஓடினதே இல்லையோ?"

"இல்லை."

லொறிக்காரர் சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தால் பரவாயில்லை. அம்மாவைப் பாத்து, "தங்கச்சி, குறை நினைக்கக் கூடாது. கியர் போடத் தெரியாத பொடியனுக்கு நான் பிள்ளையைத் தரமாட்டன். மேட்டிலை என்ன செய்வார்? இறக்கத்திலை என்ன செய்வார்? குடும்பமும் அப்பிடித்தானே?" எண்டார்.

அம்மாவின்ரை முகம் செத்துப் போச்சு. மாமா காரிலை ஏறினார். முத்தத்திலை கார் திருப்ப இடமில்லை, ஒழுங்கை முழுக்கப் பின்னுக்குத்தான் எடுக்கவேணும். லொறிக்காரருக்கு அதுவும் வேடிக்கை. அவரின்ரை லொறி பின்னுக்குப் போறதெண்டால் ரெண்டு பேர் நிண்டு கத்தவேணும். "தையல் மிசின் எப்பிடிப் போகுதெண்டு பாப்பம்," எண்டு இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டார்.

மாமா தடியைப் பின்னுக்கு இழுத்தார். படலையிலை ஏதோ தட்டுப்பட்டது. மாமா நிப்பாட்டேல்லை. அந்தக் கார் முன்னுக்கு என்ன வேகமோ பின்னுக்கும் அதே வேகம், அதுதான் அதின்ரை விசேசம். அப்பிடி ஒரு போக்கு நான் அதுக்குப் பிறகு ஜெர்மன்காரரின்ரை பெரிய ரோட்டிலையும் காணேல்லை. கோழியள் வேலிக்கு மேலாலை பறந்தது. அம்மா "மாதாவே, மாதாவே" எண்டா. "தலையைக் குனி அக்கா, ரோட்டை மறைக்கிறாய்!" எண்டு மாமா கத்தினார். அவர் முழுக்கப் பின்னுக்குத் திரும்பியிருந்தார். முன்னுக்குப் பாக்க அவராலை ஏலாது. அப்பதான் என்னைக் கேட்டார்.

"மருமோன், நீ முன்னுக்குப் பார். ஆராவது நிக்கினமோ?"

"அந்த அக்கா நிக்கிறா."

"பொம்பிளையோ? எங்கை?"

"படலையடியிலை. படலையைப் பிடிச்சுக்கொண்டு எங்களைப் பாக்கிறா."

"இப்ப?"

"நிக்கிறா."

"இப்ப?"

"நிக்கிறா மாமா. சின்னனாப் போட்டா. ஆனால் நிக்கிறா."

ஒழுங்கை வளையிற முடக்கிலை வேலி வந்து மறைச்சிது. மாமா காரை நிப்பாட்டினார். ரெண்டு கையையும் ஸ்டியரிங்கிலை வைச்சுக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"அந்த மனுசன் மூஞ்சைக்கு நேரை இல்லையெண்டிட்டான், நீ என்னடா பல்லைக் காட்டுறாய்?" எண்டா அம்மா.

"அவர்தானே அக்கா இல்லையெண்டவர்," எண்டார் மாமா.

அடுத்த கிழமை மாமா தனியப் போய் லொறிக்காரரின்ரை படலையிலை நிண்டார். பொம்பிளை கேக்கேல்லை. "ஐயா, எனக்குக் கியர் பழக்கி விடுங்கோ," எண்டு கேட்டார். லொறிக்காரரிட்டை அப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை. மாரி முழுக்க மாமா அந்த லொறியின்ரை கியரை அரைச்சார், லொறிக்காரர் மாமாவை அரைச்சார். கோடை பிறக்கேக்கை மேட்டிலையும் ஓடினார், இறக்கத்திலையும் ஓடினார். பிறகு இல்லையெண்டு சொல்ல அந்த மனுசனிட்டை ஒரு கதையும் இல்லை. கலியாணம் நடந்தது.

மாமா சாகுமட்டும் சொன்னவர்: "மருமோன்ரை கண்தான் எனக்குப் பொம்பிளை எடுத்துத் தந்தது. முடக்கு மட்டும் நிண்டவ எண்டு அவன் சொல்லியிராட்டி நான் அந்த ஒழுங்கைப் பக்கம் தலை வைச்சுப் படுத்திருக்கமாட்டன்." அவர் இதைச் சொல்லத் தொடங்கினால் மாமி எழும்பித் தேத்தண்ணி போடப் போயிடுவா. வெக்கம் எண்டு நான் நினைச்சன்.

சரி, மியூசியத்துக்கு வாறன். உள்ளுக்கை ஒரு உயரமான ஜெர்மன்காரக் கிழவர், நீலக் களிசான், நகத்துக்குள்ளை ஒயில். முழுக்க அந்த ஒல்லாந்துக் காருகள்தான், வரிசையா, பச்சை, சிவப்பு, சாம்பல். தபால் பெட்டியள் ஏத்தின கார் ஒண்டு. கடற்கரையிலை ஓடுறதுக்கெண்டு கதவில்லாமல், பிரம்புக் கதிரை பூட்டின கார் ஒண்டு. மாமி அந்தப் பிரம்பைத் தடவிப் பாத்து, "நல்ல பின்னல்," எண்டா. கிழவர் ஒரு காரைத் தூக்கி வைச்சு அடியைக் காட்டினார். பல்லுச் சில்லு ஒண்டும் இல்லை. ரெண்டு ரப்பர் வார். எங்கடை ஊர் அரிசி மில்லிலை ஓடுற வார் மாதிரி. அந்த வார்தான் சில்லைச் சுத்துது. அம்பது வருசம் போலை சீவிச்சும் எனக்கு அண்டைக்குத்தான் தெரியும், மாமா எங்களை ரெண்டு வாரிலை கொண்டு திரிஞ்சவர் எண்டு. ஒல்லாந்திலை இதுகளைப் பின்னுக்கு ஓடவிட்டுப் போட்டியும் வைச்சவையாம்.

நான் விடுவனோ? எனக்குத் தெரிஞ்ச ஜெர்மனிலை கதையைச் சொன்னன். ரெஸ்ரோறண்ட் குசினியிலை பழகின ஜெர்மன், அதிலை ஏச்சுத்தான் கூட, ஆனால் விளங்கும். கிழவர் பொனட்டிலை தட்டித் தட்டிச் சிரிச்சார். பொறுங்கோ எண்டு கையைக் காட்டிப் போட்டு, மாமாவின்ரை கார் மாதிரியே இருந்த சாம்பல் கார் ஒண்டின்ரை திறப்பு எடுக்கப் போனார். எங்களை ஒரு சுத்து ஏத்தப் போறாராம்.

அவர் போன கையோடை மாமி அந்தக் காரின்ரை மட்காட்டிலை கையை வைச்சா.

"தம்பி, ஒண்டு சொல்லட்டோ? அண்டைக்கு உங்கடை கார் எங்கடை படலைக் கயிறை அறுத்துப் போட்டது."

"ஓம், ஏதோ தட்டுப்பட்டது."

"முத்தத்திலை மாடு அவிண்டு நிண்டது. அப்பா கட்டக் கம்பி எடுக்கப் போனவர். படலையைப் பிடி, விட்டியோ மாடு ரோட்டுக்குப் போயிடும் எண்டு சொல்லிப் போட்டுப் போனவர். நான் மாட்டுக்குத்தான் நிண்டனான்."

"அப்ப மாமாவைப் பாக்கேல்லையோ?" எண்டன்.

"பாத்தன்தான். ஒரு கார் அந்த வேகத்திலை பின்னுக்குப் போனால் ஆர்தான் பாக்காயினம்? முடக்கிலை எங்கை கொண்டுபோய் முட்டப்போகுதோ எண்டு பாத்தன்."

"மாமாவுக்கு இது தெரியுமோ?"

"நான் சொல்லேல்லை. மனுசன் ஊர் முழுக்கப் பெருமையாச் சொல்லித் திரியுது. அதுக்கு நடுவிலை நான் ஏன் மாட்டைக் கொண்டுபோய் விடுவான்?"

மாமி கார் யன்னலாலை அந்தச் சின்னத் தடியையே பாத்துக்கொண்டு நிண்டா.

"கியர் பழகேக்கை ஒருநாள் லொறி எங்கடை வாசலிலை நிண்டுபோச்சு. அப்பா பேசின பேச்சுக்கு வேறை ஆரும் எண்டால் திறப்பை எறிஞ்சு போட்டுப் போயிருப்பினம். இந்த மனுசன், 'இன்னொருக்காச் சொல்லுங்கோ ஐயா, எனக்கு விளங்கேல்லை' எண்டிட்டுத் திரும்பவும் ஏறி இருந்தது. அண்டைக்கு நான் யன்னலுக்கை நிண்டனான், கனநேரம். அதைப் பாத்துச் சொல்ல அங்கை ஒருத்தரும் இல்லை."

கிழவர் திறப்போடை வந்தார். "எனக்கு முழங்கால் மடிக்க ஏலாது, நீ ஏறு," எண்டு மாமி ஊண்டுதடியாலை முழங்காலைத் தட்டிக் காட்டினா. நான் ஏறினன். கார் சுவரைப் பாத்தபடி நிண்டது. கிழவர் முன்னுக்கும் பின்னுக்குமாக் கொஞ்சம் திருப்பி, மண்டபத்துக்கு வெளியிலை கொண்டு வந்தார். இப்ப எங்களுக்கு முன்னாலை வாசல். பின்னாலை தெருவுக்குப் போற நீட்டுப் பாதை. கிழவர் என்னைப் பாத்துக் கண்ணடிச்சார். கதிரைக்கு மேலாலை கையைப் போட்டுப் பின்னுக்குத் திரும்பி, தடியை இழுத்தார்.

டக்கு டக்கு டக்கு. அதே சத்தம். அதே வேகம்.

திரும்பினபடியே கிழவர் ஜெர்மனிலை கேட்டார், அந்த அம்மா உள்ளுக்கை போட்டாவோ எண்டு.

"நிக்கிறா," எண்டு நான் தமிழிலை சொல்லிப் போட்டன்.

மாமி வாசலிலை நிண்டா. பிடிக்கப் படலை இல்லை. மறிக்க மாடு இல்லை. ஊண்டுதடியையும் சுவரோடை சாத்தி விட்டிட்டா. என்னைத்தான் பாக்கிறா எண்டு நினைச்சு நான் கையைக் காட்டினன். அவ திருப்பிக் காட்டேல்லை. பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது. ஜெர்மனியிலை ஸ்டியரிங் இடப்பக்கம், துரை எங்கடை ஊர் ரோட்டுக்கெண்டு இறக்கின காரிலை வலப்பக்கம். நான் இருந்தது மாமா இருந்த பக்கம்.

எட்டு வயசிலை எனக்கு ஒரு ஆள் நிக்குதோ இல்லையோ எண்டுதான் பாக்கத் தெரியும். ஆருக்காக நிக்குது எண்டு பாக்கத் தெரியாது. காட்டின கையை எடுத்து மடியிலை வைச்சுக்கொண்டு, அந்த இடத்திலை நான் அசையாமல் இருந்தன். மாமி சின்னனாப் போனா. ஆனால் நிண்டா. பாதை முடக்கிலை சோளத் தோட்டம் வந்து மறைக்குமட்டும் நிண்டா.

இந்த முறை "இப்ப?" எண்டு கேக்கத்தான் ஆளில்லை.