பேர் கொடுத்தவள்

எங்கள் பக்கத்து வெங்காயத்தைப் பச்சையாகவே கடித்துத் தின்னலாம், கண்ணில் நீர் வராது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்து மணலில் விளைந்தால்தான் அப்படி. அதற்கென்று ஒரு பேர் உண்டு. விவசாயிகள் சங்கம் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது, கண்டவர்களும் மூட்டையில் அச்சடித்துவிட முடியாது. சந்தையில் பேர் போட்ட மூட்டைக்கு இருக்கிற மரியாதையே தனி. அதனால் அறுவடைக் காலத்தில் இங்கே யாரும் விளைச்சல் எப்படி என்று கேட்பதில்லை. "பேர் கிடைச்சிருச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பேரைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஒரு விதவை. நாக்கம்மா என்று ஊரே அவளுக்குப் பட்டம் கட்டியிருந்தது. சங்கத்துக் கிடங்கில் குழாயடிக்குப் பக்கத்து மேஜைதான் அவள் இடம். தட்டில் நம்பர் மட்டும் இருக்கும், யாருடைய வெங்காயம் என்று சொல்ல மாட்டார்கள். நடுத்துண்டை வெட்டிக் கடிப்பாள். மென்று நாக்கடியில் ஒதுக்கிக் காத்திருப்பாள். தொண்டை ஓரத்தில் சுருக்கென்று காரம் ஏறினால் பேர் கிடையாது. துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு அடுத்த தட்டு. சீசன் முடியும்வரை சூடான டீ இல்லை, மிளகாய் இல்லை. சொந்த மாமனார் தோட்டத்துக்கே ஒரு வருஷம் பேர் கிடையாது என்று சொன்னவள். அந்த மனிதர் சாகும்வரை அவளோடு பேசவில்லை.

மாமனார் மட்டுமா? ஒரு வீட்டில் அவள் டீ குடித்தால் "கைக்குள்ள போட்டுட்டாங்க" என்று அடுத்த வீட்டில் பேச்சு கிளம்பும். அதனால் யாரும் கூப்பிட மாட்டார்கள், அவளும் போக மாட்டாள். கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கதவிடுக்கில் செருகிவிட்டு, தட்டாமல் போய்விடுவார்கள். நேர்மையானவர்களை ஒதுக்கி வைப்பதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவள் வீட்டுப் படியேறிய ஒரே ஆள் தம்பி. பெண்டாட்டி செத்துப் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியம் சாப்பிட வருவான். கூடப் பிறந்தவனைத் தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை, ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். அக்காவும் தம்பியும் வெங்காயப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். சனிக்கிழமையே அவளுக்குக் கை பரபரக்கும். கோழியா மீனா என்று கடையில் நெடுநேரம் நிற்பாள். மற்ற நாட்களில் ரொட்டியும் முட்டையும் போதும் அவளுக்கு. அந்த ஒரு வேளைக்காகத்தான் அவள் வாரத்தை ஓட்டினாள்.

போன சீசன் தொடங்குமுன் ஒரு ஞாயிறு, தட்டைப் பார்த்துக்கொண்டே தம்பி சொன்னான்.

"இந்தத் தடவையும் பேர் கிடைக்கலைன்னா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன்க்கா. பொண்ணு அவளோட வந்து இருக்கச் சொல்றா."

"அவ்ளோ தூரமா போவ?"

"வேற என்ன பண்றது?"

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்றாள். குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் தட்டு வந்ததுமே தெரிந்துவிட்டது. வெங்காயத் தாளை முறுக்கிவிட்டு அறுப்பது அவர்கள் அப்பாவின் வழக்கம், இப்போது தம்பியைத் தவிர யாரும் அப்படி அறுப்பதில்லை. கடித்தாள். சுருக்கென்று ஏறியது. காய் பெருக்கட்டும் என்று கண்ட உரத்தையும் கொட்டியிருக்கிறான், பாவி. அடங்கிவிடாதா என்று வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தாள். அடங்கவில்லை, கண் கலங்கியது. எதிரே மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குடுக்கலாம்," என்றாள்.

மூட்டைகள் விற்று முடிந்தபின், பேர் போட்ட மூட்டையில் காரம் என்று வெளியூர் வியாபாரி ஒருவர் சங்கத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். செயலாளர் அவள் வீட்டுக்கு வந்தார், வாசலோடு நின்றார்.

"நேராவே கேக்குறேன்மா. உங்க தம்பி சரக்குன்னு தெரிஞ்சே குடுத்தீங்களா? அப்படின்னா அவருக்கு இனி ஆயுசுக்கும் பேர் கிடையாது. இல்ல, ஒருவேளை நாக்கு..."

அவர் முடிக்கவில்லை. வரும் வழியில் அவர் குடித்த டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தது வரை அவர் மூச்சிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

"நாக்கு போயிடுச்சுங்க," என்றாள். "காய்ச்சல் வந்ததுலேர்ந்தே ஒண்ணும் தெரியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஊர் நம்பியது. மாமனாருக்கே கொடுக்காதவள் தம்பிக்குக் கொடுப்பாளா? மேஜைக்கு வேறு ஆளைப் போட்டார்கள். இனி அவள் வீட்டுக்குப் போகத் தடையில்லை, அவளைக் கூப்பிடவும் தடையில்லை. ஆனால் அந்தப் பழக்கமே யாருக்கும் இல்லை. பரவாயில்லை என்று நினைத்தாள். தம்பி ஊரை விட்டுப் போகவில்லை, அது போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மிளகாய்க்கும் இனித் தடையில்லை என்று கோழியை நன்றாகக் காரம் போட்டு வறுத்தாள். தம்பி வழக்கமான நேரம் தாண்டி வந்தான்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்க்கா," என்றான். "என் வெங்காயத்தைக் கடிச்சு எனக்கே காது அடைச்சுது. நீ பேர் குடுத்துட்டேன்னதும், அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். கேக்கத்தான் மனசு வரல."

"வயசாகுதில்ல. கை கழுவிட்டு வா, கோழி வறுத்திருக்கேன்."

அவன் எழுந்திருக்கவில்லை.

"வரும்போதே ஹோட்டல்ல சாப்பிட்டுட்டேன்க்கா. இனிமே எனக்காக நீ அடுப்புக்கிட்ட நின்னு கஷ்டப்படாத. உப்பு காரம் தெரியாம எப்படிச் சமைப்ப, பாவம்? நான் சாப்பிட்டுட்டே வந்துடறேன். சும்மா பேசிட்டிருக்கலாம்."

பாசத்தோடுதான் சொன்னான். அவன் மனதில் கல்மிஷம் இல்லை. அவள் சட்டியைத் திறந்து, நின்றபடியே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். உப்பும் காரமும் அவ்வளவு அளவாக இருந்தன.

"எப்படிக்கா இருக்கு? ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலடா," என்றாள்.